புதிய மாதிரிகளும் செய்தித் தொடர்பும்

ஆண்டு முடிவில் நெசவாளர் சங்கக் கிடங்குகளில் இருப்புச் சரிபார்க்கும்போது, பல சங்கங்களில் ஓர் அலமாரி மட்டும் பிறவற்றினின்று விலகி நிற்பதைக் காணலாம். அதிலுள்ள சேலைகளில் நூல் அறுந்திராது. நெசவில் குறை இராது. சாயமும் கெட்டியாகவே இருக்கும். ஆயினும் அவை இரண்டு மூன்று ஆண்டுகளாக மடிப்புக் கலையாமல் அங்கேயே கிடக்கும். பதிவேட்டில் ‘தேங்கிய சரக்கு’ என்று ஒரு வரி; தள்ளுபடி விலையில் விற்க அனுமதி கோரும் நிர்வாகக் குழுத் தீர்மானம் ஒன்று; அத்துடன் கணக்கு முடிகிறது. சரக்கு ஏன் தேங்கியது என்பதை எழுத அப்பதிவேட்டில் பத்தி கிடையாது. வாய்மொழியாக விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விதமான விடை கிடைக்கிறது. வாங்குபவர் ஒன்றைக் கேட்டார். நடுவில் இருந்தவர் அதை வேறொன்றாகப் புரிந்துகொண்டார். நெய்தவர் தமக்குச் சொல்லப்பட்டதைப் பழுதின்றி நெய்து கொடுத்தார்.

நெய்தவருக்குக் கூலி கிடைத்துவிட்டதே, அவருக்கென்ன நஷ்டம் என்று சிலர் கேட்பதுண்டு. சங்கத்தின் முதல் அலமாரியில் முடங்கிவிட்டால் அடுத்த பாவுக்கு நூல் வாங்கப் பணம் இராது. பாவு இல்லாத தறி சும்மா நிற்கும். பத்து நாள் தறி நின்றால் அந்த வீட்டில் கடன் ஏறும். ஆகவே எங்கோ ஒரு கடிதத்தில் விடுபட்ட சொல்லுக்கு விலை கொடுப்பவர், அக்கடிதத்தைக் கண்ணாலும் பாராத அங்கத்தினரே ஆவார். இக்காரணம் பற்றியே, புதிய மாதிரிகளை உருவாக்குவதில் செய்தித் தொடர்புக்குள்ள இடத்தைச் சற்று விரிவாக எழுத எண்ணினேன்.

நம்மவர் ‘டிசைன்’ என்று வழங்குவது பெரும்பாலும் பூவையும் கரையையும் குறிக்கிறது. உண்மையில் அது அதனினும் பெரியது. நூலின் நம்பர், பாவின் நெருக்கம், ஊடையின் நெருக்கம், நிறம், சாயத்தின் வகை, அகலம், நீளம், கஞ்சியின் கனம், முந்தியின் அளவு, துணியைத் துவைக்கும் முறை ஆகிய யாவும் சேர்ந்ததே ஒரு மாதிரியாகும். இவை அனைத்தையும் ஒரே மனிதர் தீர்மானிப்பதில்லை. விற்பனை நிலையத்தார் ஒரு பகுதியையும், சங்க மேலாளர் ஒரு பகுதியையும், சாயப்பட்டறைக்காரர் ஒரு பகுதியையும், பாவு ஓடுபவர் ஒரு பகுதியையும், தறியில் அமர்ந்திருப்பவர் மீதியையும் தீர்மானிக்கின்றனர். ஆலையில் இத்தனை பேரும் ஒரே கூரையின்கீழ் இருப்பர். கைத்தறியிலோ ஒருவர் சென்னையிலும், ஒருவர் சேலத்திலும், ஒருவர் நம் தெருவிலும் இருப்பர். இவர்களை ஒன்றாகக் கட்டுவது சொல் ஒன்றே.

இது புதிய இடர் அன்று. 1643-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் சூரத்திலிருந்த தம் ஆட்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அனுப்பப்படும் சித்திர மெத்தை விரிப்புகளின் சிவப்புத் தரை அங்குள்ள எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை என்றும், இனி வெண்மையான தரையில் பூவும் கொடியும் வருமாறு செய்யச் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். அக்காலத்தில் கப்பற்கடிதம் வந்துசேர ஏறக்குறைய அரை ஆண்டு ஆகும். அதன்படி செய்த சரக்கு திரும்பிப் போய்ச்சேர மேலும் அவ்வளவு காலம் வேண்டும். ஒரு சொல்லைத் திருத்த ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றால், எழுதும் சொல்லில் எவ்வளவு கவனம் வேண்டியிருக்கும்! பின்னர்க் கம்பெனியார் வெறும் எழுத்தை நம்பாமல் மாதிரித் துண்டுகளையும் வரைபடங்களையுமே அனுப்பத் தொடங்கினர். நம் கடற்கரை ஓவியர்களும் அவற்றைத் தம் கைப்போக்கில் மாற்றியே வரைந்தனர். அதனால் விளைந்த அழகு வேறு கதை.

இனி, நம் மாநிலத்துத் துணியின் பெயரால் உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். ‘மெட்ராஸ்’ என்றே வெளிநாடுகளில் பெயர் பெற்ற கட்டம் போட்ட பருத்தித் துணியை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1958-ல் வில்லியம் ஜேகப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து இத்துணியைக் கெஜம் ஒரு டாலர் விலையில் வாங்கினார். பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவியவர் இந்த நாயரே. கண்ணனூர்க்காரர், கைத்தறித் துணி வாணிபத்தில் நெடுநாள் பழகியவர். அத்துணி தாவரச் சாயம் ஏற்றப்பட்டது; நனைந்தால் நிறம் கசியும். அதனைக் குளிர்ந்த நீரில், கடுஞ்சோப்பின்றி, மெல்லத் துவைக்கவேண்டும் என்று நாயர் சொல்லியே கொடுத்தார்.

ஜேகப்சன் அதில் 10,000 கெஜத்தை நியூயார்க்கின் பெயர்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் ஆடை நிறுவனத்துக்கு விற்றார். ஆனால் துவைக்கும் முறையை அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் அத்துணியில் சட்டைகளும் மேலங்கிகளும் தைத்து, துவைப்பதைப் பற்றிய குறிப்பு ஏதுமின்றி விற்றுவிட்டனர். வாங்கியவர்கள் வழக்கம்போல் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தனர். சிவப்பு மஞ்சளோடும் நீலம் வெள்ளையோடும் கலந்து, ஒரே துவைப்பில் கட்டங்கள் உருத்தெரியாமல் கசிந்தன. புகார்கள் குவிந்தன, வழக்குத் தொடரப்படும் என்ற நிலையும் உண்டாயிற்று.

இந்நிகழ்ச்சியில் தவறு எங்கே நேர்ந்தது என்று பாருங்கள். நூற்றவரும், சாயம் இட்டவரும், நெய்தவரும், தைத்தவரும் தத்தம் வேலையைச் செவ்வனே செய்தனர். துணியின் இயல்பைப் பற்றிய செய்தி உற்பத்தியாளரிடமிருந்து புறப்பட்டது, நடுவழியில் நின்றுபோயிற்று. ‘குளிர்ந்த நீரில் துவைக்கவும்’ என்ற குறிப்பும் அத்துணியின் பாகமேயாகும். கரை இல்லாமல் சேலையை அனுப்பினால் யாரும் ஏற்கமாட்டார். குறிப்பு இல்லாமல் அனுப்பினால் மட்டும் ஒருவரும் கவனிப்பதில்லை.

அதன் பின் நடந்தது இன்னும் வியப்பானது. நாயர் பின்னாளில் கூறிய வரலாற்றின்படி, ‘செவன்டீன்’ என்ற அமெரிக்க இளம்பெண்கள் பத்திரிகையில் இத்துணியைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வெளிவந்தது. துவைக்கும்தோறும் நிறம் கசிந்து புதுப்புது வண்ணம் காட்டும் கைத்தறி அற்புதம் என்று அதில் போற்றப்பட்டது. ‘நிறம் கசிவது உறுதி’ என்பதையே உத்தரவாதமாகக் கூறும் விளம்பரங்கள் எழுந்தன. 1960-களில் அமெரிக்க மாணவர்களிடையே ‘கசியும் மெட்ராஸ்’ மோகமாகவே பரவியது. குற்றம் என்று திருப்பி அனுப்பப்பட்ட அதே இயல்பு, முன்கூட்டியே சொல்லப்பட்டபோது பெருமையாயிற்று. துணி மாறவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, நல்ல விளம்பரம் இருந்தால் எதையும் விற்கலாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்கப் பத்திரிகையின் பக்கங்கள் சங்கராபுரத்துச் சங்கத்திற்குக் கிடைக்கப்போவதில்லை. நமக்கு இரண்டாவது வாய்ப்பு அருமை; திரும்பிவந்த சரக்கு அலமாரிக்குத்தான் போகும். மேலும் இன்று சாயத்தைப் பற்றிய செய்தி வெறும் நிறம் பற்றியதன்று. 1994-ல் ஜெர்மனி உடல்நலத்துக்குத் தீங்கு செய்யும் அசோ சாயங்கள் சிலவற்றுக்குத் தடை விதித்தது. 1997-ல் நம் அரசும் அவ்வகைச் சாயங்களைத் தடுத்தது. எந்தச் சாயம் கூடாது என்ற செய்தி சாயத்தொட்டியின் அருகில் நிற்பவரை எட்டவில்லையெனில், மேலிடத்துச் சுற்றறிக்கையால் பயன் யாது?

சொல் எங்கெங்கே வழுக்குகிறது என்பதை நம் தொழிலிலிருந்தே சில உதாரணங்களால் காட்டலாம்.

முதலில் அளவு. ‘ஆயிரம்’ என்று மட்டும் எழுதிய திரைச்சீலைத் துணிக் கட்டளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1,000 கெஜம் என்பது 914.4 மீட்டர்தான். எழுதியவர் மீட்டரையும் படித்தவர் கெஜத்தையும் கருதினால் 85.6 மீட்டர் குறைந்துவிடும். மெட்ரிக் முறை நாட்டில் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் ஜவுளிக் கடைகளில் கெஜமும் அங்குலமும் மறையவில்லை. மறையவேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. எந்த அளவு என்பதை எழுதினால் போதும். அகலத்திலும் இதே சிக்கல் உண்டு. தறியில் இருக்கும்போது உள்ள அகலம் வேறு. தறியிலிருந்து அறுத்தபின் உள்ள அகலம் வேறு. ஒருமுறை துவைத்து உலர்த்தியபின் உள்ள அகலம் வேறு. பருத்தி சுருங்கும் என்பது நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். வாங்குபவர் கேட்பது துவைத்தபின் இருக்கவேண்டிய அகலம். நெசவாளர் காதில் விழுவதோ தறியில் வைக்கவேண்டிய அகலம். பண்ணையில் இழை கோத்துவிட்டபின் இந்த வேறுபாட்டைத் திருத்த வழியில்லை.

அடுத்தது ‘நயம்’ என்ற சொல். ‘நல்ல நயமான துணி வேண்டும்’ என்று கடைக்காரர் எழுதுகிறார். அவர் மனத்தில் 100-ஆம் நம்பர் நூல் இருக்கலாம். நம் மேலாளர் மனத்தில் 80-ஆம் நம்பர் இருக்கலாம். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் நம்பர்; நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இவ்வளவு துல்லியமான கணக்கு கையில் இருக்கும்போது, நயம், சன்னம், பருமன் என்ற சொற்களால் கட்டளை எழுதுவது நிறைகோல் இருக்கக் கையால் தூக்கிப் பார்ப்பது போன்றதாகும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாம்பழ நிறம் என்றால் பழுத்த பங்கனப்பள்ளியா, செங்காயா? அரக்கு என்றும், மயில்கழுத்து என்றும், இலைப்பச்சை என்றும் நாம் சொல்லும் பெயர்கள் பேச்சுக்கு அழகானவை; சாயப்பட்டறைக்கு உதவாதவை. போதாக்குறைக்கு, ஒரே நூல் வெயிலில் ஒரு நிறமும் குழல்விளக்கின்கீழ் வேறொரு நிறமும் காட்டும். இரண்டு வெவ்வேறு சாயங்களால் ஒரே நிறம் வருமாறு ஏற்றிய நூல்கள் பகலில் ஒத்திருந்து, கடை விளக்கில் பிரிந்து தோன்றுவதும் உண்டு. சாயமிட்ட நூல் துண்டு ஒன்றைக் கட்டளைக் கடிதத்தில் ஒட்டி அனுப்புவதைத் தவிர இதற்கு நம்பத்தக்க வழி வேறில்லை.

இந்நாளில் எல்லாரும் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றனர். விரைவில் இதற்கு இணை இல்லை. கப்பற்கடிதக் காலத்தை எண்ணினால் இது வரப்பிரசாதமே. ஆனால் கைபேசி நிறத்தைத் தன் விருப்பப்படி சீர்செய்து காட்டுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. மங்கலைப் பளிச்சென்று காட்டும். அனுப்பியவர் திரையில் அரக்கு, பெற்றவர் திரையில் செங்கல். துணியின் தொடுஉணர்வு, கனம், உள்ளங்கையில் கசக்கினால் அது காட்டும் மடிப்பு ஆகிய எதுவும் படத்தில் வாரா. பூவின் இடத்தையும் கரையின் அமைப்பையும் பேசிக்கொள்ளப் படம் போதும். நிறத்துக்கும் நயத்துக்கும் அஞ்சலில் துண்டு போகத்தான் வேண்டும். இதில் நான் சற்றுப் பழமைவாதி என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு.

பூ வேலையில் இன்னொரு நுட்பம் உள்ளது. ஓவியர் சாதாரணக் கட்டத்தாளில் வட்டமான புட்டா ஒன்றை வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 60 கட்டம், நெடுக்கே 60 கட்டம். நம் துணியில் அங்குலத்துக்குப் பாவு இழை 72, ஊடை இழை 60 என்றால், ஒரு கட்டத்துக்கு ஓர் இழை வீதம் அப்பூ குறுக்கே ஏறத்தாழ 0.83 அங்குலமும் நெடுக்கே 1 அங்குலமும் ஆகிவிடும். வட்டம் முட்டை வடிவாக நீளும். ஓவியருக்குப் பாவு, ஊடை நெருக்கத்தை முன்பே சொல்லியிருந்தால் அதற்கேற்ற கட்டத்தாளில் வரைந்திருப்பார். ஜக்கார்டு அட்டை துளையிட்டு, கொக்கிகளில் இழை கட்டி முடித்தபின் இதைக் கண்டுபிடித்தால் அட்டைச் செலவு முழுவதும் வீண். ஓவியரும் நெசவாளரும் நேரில் பேசவேண்டும் என்பதற்காகவே 1956 முதல் நாட்டின் பல இடங்களில் நெசவாளர் சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. புபுல் ஜயகரின் முயற்சியால் கே. ஜி. சுப்ரமணியன் போன்ற பெயர்பெற்ற ஓவியர்களே அம்மையங்களில் வந்து பணிபுரிந்தனர். நமக்கு அண்மையிலுள்ள சேலத்தில் அத்தகைய மையமும், 1960-ல் தோன்றிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் உள்ளன. இருந்தும் மாதிரி கேட்டு அங்கே செல்லும் சங்கத்தார் தமது பண்ணை எண்ணையும் நூல் நம்பரையும் எழுதிச் செல்வது அரிதாகவே உள்ளது.

கள்ளக்குறிச்சிப் பகுதியின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை அங்கத்தினர் அறிவர். அச்சிற்பிகளிடம் நாம் பொறாமைப்படத்தக்க ஒன்று உண்டு. தாலமானம் என்ற அளவுமுறை அவர்களுக்கும் கோயில் ஸ்தபதிகளுக்கும் பொதுவானது. முகத்தின் நீளம் ஒரு தாலம்; நவதாலம் என்றால் உருவம் முழுவதும் அம்முகத்தின் ஒன்பது மடங்கு. உயரத்தையும் தாலத்தையும் சொல்லிவிட்டால் கண், மார்பு, இடை, முழந்தாள் எங்கெங்கே அமையும் என்பது இருவருக்கும் விளங்கிவிடும். வாங்குபவருக்கும் நெய்பவருக்கும் இடையே அத்தகைய பொதுமொழி நம் தொழிலில் இன்னும் வேரூன்றவில்லை. நாம்தாம் அதைத் துண்டாலும் எண்ணாலும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இதுவரை மேலிருந்து கீழே வரும் செய்தியைப் பற்றியே எழுதினேன். கீழிருந்து மேலே போகவேண்டிய செய்தியே நம் சங்கங்களில் பெரிதும் தடைப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு சங்கத்தில் நேர்ந்ததைக் கூறுகிறேன், பெயர் வேண்டாம். உடல் முழுவதும் இடைவெளி விட்டுப் புட்டா வரும் பருத்திச் சேலை ஒன்று புதிய மாதிரியாக ஏற்கப்பட்டது. முகப்பில் பார்க்க அழகாகவே இருந்தது. பூவுக்கும் பூவுக்கும் இடையே புட்டா நூல் சேலையின் பின்புறத்தில் நெடுந்தூரம் கட்டின்றி மிதந்து சென்றது. சேலைகள் விற்பனையான சில வாரங்களில், அந்த நூல் கால் மெட்டியில் மாட்டி இழுபடுகிறது என்று புகார் வரத் தொடங்கியது. மறு கட்டளை வரவில்லை. முதல் பாவை நெய்த முதியவரை விசாரித்தபோது அவர் சொன்னார்: “முதல் முழம் நெய்யும்போதே தெரியும் ஐயா. எங்கள் வீட்டுப் பெண்களே சொன்னார்கள். மேஸ்திரியிடம் சொன்னேன். சங்கத்தில் கொடுத்த டிசைன், அப்படியே நெய்யுங்கள் என்றார்.”

பின்புறத்தில் நூலை வெட்டிவிடலாம். அல்லது இடையில் ஒரு சிறு புள்ளி சேர்த்து நூலைக் கட்டிவிடலாம். இரண்டும் அவருக்குத் தெரிந்த பரிகாரங்களே. மேஸ்திரி கெட்டவர் அல்லர். மாற்றினால் தம்மேல் பழி வரும் என்று அஞ்சினார், அவ்வளவே. நெசவாளரின் சொல்லை எழுதிவைக்க இடமில்லாத சங்கத்தில் மேஸ்திரி வேறென்ன செய்வார்?

நெசவாளர் என்னும்போது தறியில் அமர்பவரை மட்டுமே நாம் நினைக்கிறோம். நூல் இழைப்பதும், தார் சுற்றுவதும், பாவு பிணைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. நூல் அடிக்கடி அறுகிறதா, சாயம் கையில் ஒட்டுகிறதா, கஞ்சி போதாதா என்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே. சேலை உடுத்துபவர்களும் அவர்களே. ஆனால் அங்கத்தினர் பட்டியலில் கணவர் பெயர் மட்டும் இருப்பதால், மாதிரிகளைப் பற்றிய கூட்டத்துக்கு அவர்கள் அழைக்கப்படுவதில்லை. இது நியாயமும் அன்று, லாபமும் அன்று. 1935-ல் தோன்றிய நம் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ், பட்டுச் சேலையுடன் அதை நெய்தவரின் படத்தையும் விவரத்தையும் தாங்கிய அட்டை இணைக்கும் முறையை 2010-களில் தொடங்கியது. நெய்தவரின் முகம் வாங்குபவரைச் சென்றடைய அது வழி செய்தது. அவருடைய சொல்லும் மாதிரிக் குழுவைச் சென்றடைந்தால் அம்முறை நிறைவு பெறும்.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள் இவை தமக்குத் தொடர்பில்லாதவை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பகுதியில் விளையும் மரவள்ளி ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது. அதன் விற்பனைக்காக 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம் சேலத்தில் ஏற்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடநாட்டில் விரதநாள் உணவாக அது பெரிதும் வாங்கப்படுகிறது. அங்குள்ள வணிகர்கள் ‘வெள்ளையாக வேண்டும்’ என்ற ஒரே சொல்லைத்தான் அனுப்பினர். எவ்வளவு வெண்மை, எதனால் வந்த வெண்மை என்று எவரும் கேட்கவில்லை. சிலர் இரசாயனங்களைக் கலந்து வெளுக்கலாயினர். உணவுப் பாதுகாப்புத் துறையினர் தலையிட நேர்ந்தது. தொழில் முழுவதற்குமே கெட்ட பெயர் வந்தது. கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆலைக்கு வந்து, தோல் நன்கு நீக்கப்பட்டு, சுத்தமான நீரில் கழுவப்பட்டால் மாவு தானாகவே நல்ல நிறம் கொடுக்கும். ஆகவே வெண்மை என்பது அறுவடைத் தேதியிலேயே தொடங்குகிறது. ஆனால் விவசாயிக்கு ஆலையிலிருந்து வரும் செய்தி மாவுச்சத்துப் புள்ளியும் விலையும் மட்டுமே. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்புவோருக்கு வெட்டு உத்தரவின் அருமை தெரியும். வெட்டிய கரும்பு வெயிலில் காத்திருந்தால் எடையும் சர்க்கரையும் குறைவதைக் கண்டவர்கள் அவர்கள். அதுபோன்ற தேதி ஒழுங்கு கிழங்கிலும் வரவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை என நான் கருதுவதைச் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒவ்வொரு புதிய மாதிரியிலும் முழுப் பாவு ஏற்றுமுன் ஒரு மீட்டர் நெய்து, துவைத்து, உலர்த்தி, மூன்றாக வெட்டவேண்டும். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று சங்கத்தின் மாதிரி ஏட்டில் ஒட்ட, ஒன்று நெசவாளர் வீட்டுத் தறியின்மேல் தொங்க. ஏட்டில் அத்துண்டின் கீழ் நூல் நம்பர், பண்ணை எண், ஊடை நெருக்கம், சாயத்தின் பெயர், துவைக்கும் முன்னும் பின்னும் உள்ள அகலம், துவைக்கும் குறிப்பு ஆகியவற்றை எழுதி, வாங்குபவரின் ஒப்புதலையும் நெசவாளரின் கையொப்பத்தையும் பெறவேண்டும். கையொப்பத்துக்கு மேல் ‘நெய்தவர் கருத்து’ என்று நான்கு வரி இடம் விடுக. மேற்சொன்ன மெட்டிச் செய்தி எழுதப்பட வேண்டிய இடம் அதுதான்.

இந்த ஒரு மீட்டருக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பல சங்கங்களில் மாதிரி நெசவைப் புண்ணியத்துக்குச் செய்யச் சொல்கின்றனர். கூலியில்லாத வேலையை விரைவில் முடிக்கவே எவரும் விரும்புவர். குறையைக் கண்டாலும் வாய் திறவார், திறந்தால் மறுபடியும் இலவசமாக நெய்யவேண்டி வருமே! அரை நாள் கூலியைச் சேமிக்கப்போய் ஐம்பது சேலையை அலமாரிக்கு அனுப்புவது என்ன சிக்கனம்?

மாற்றம் கேட்பதற்கும் காலவரையறை வேண்டும். சாயம் ஏற்றுமுன் எதையும் மாற்றலாம். பாவு ஓடியபின் பாவின் நிறமும் கரையும் மாறா. ஊடையின் நிறமும் புட்டாவும் முந்தியும் மட்டுமே மாற்றத்தக்கவை. ஒரு பாவில் பல சேலைகள் அடங்கியிருப்பதால், தறி ஏறியபின் தொலைபேசியில் வரும் ‘கரையைச் சற்று அகலமாக்குங்கள்’ என்ற வேண்டுகோளுக்கு அடுத்த பாவில்தான் இடமுண்டு. இதைக் கட்டளைக் கடிதத்திலேயே அச்சிட்டுவிட்டால் மேலாளருக்கும் நெசவாளருக்கும் வீண் மனத்தாங்கல் நேராது. வாய்மொழியாகவும் தொலைபேசியிலும் வரும் மாற்றங்களை அன்றே தேதியிட்டு ஏட்டில் எழுதி, வாங்குபவருக்கு ஒரு வரி திருப்பி அனுப்புவதும் இன்றியமையாதது.

விற்பனை நிலையத்திலிருந்து வரவேண்டிய செய்தி ஒன்று மிச்சமிருக்கிறது. எத்தனை விற்றது என்ற எண்ணிக்கை மாதந்தோறும் வருகிறது. எடுத்துப் பார்த்துவிட்டு எத்தனை பேர் திரும்ப வைத்தனர், என்ன சொல்லி வைத்தனர் என்பது வருவதில்லை. ‘கனமாக இருக்கிறது’, ‘முந்தி சிறியது’, ‘இதே கரையில் வேறு நிறம் உண்டா’ என்று மேசைக்கு முன்னால் பேசப்படும் பேச்சு, விற்பனையாளர் வீட்டுக்குப் போகும்போது அவருடனேயே போய்விடுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை விற்பனை மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டு, மாதக் கடைசியில் அதன் நகலைச் சங்கங்களுக்கு அனுப்பினால் போதும். தீபாவளிச் சரக்குக்கான மாதிரிகளைப் பல சங்கங்கள் ஆனி மாதத்துக்குள் முடிவு செய்தாகவேண்டும். ஆகவே சென்ற தீபாவளியின் நோட்டுப் புத்தகம் சித்திரைக்குள் மாதிரிக் குழுவின் கையில் இருக்கவேண்டும். அக்குழுவில் தறியில் அமர்பவர் இருவரும், தார் சுற்றுபவர் ஒருவருமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.